மாறாத கோணல்

திருவக்கரைக்குப் பௌர்ணமி இரவில் வந்திருக்கிறீர்களா? வக்கிரகாளியம்மன் சந்நிதியில் நள்ளிரவுச் சோதி தரிசனத்திற்காகத் திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் மக்கள் வந்து குவிவார்கள். மயிலம் வழியாக வரும் பேருந்துகளில் படிக்கட்டில் நிற்கவும் இடமிராது. அந்தக் கூட்டத்தை நம்பிக் கடைவீதியில் முளைக்கும் கடைகளுள் ஒன்று பலூன் சுடும் கடை. ஒரு பலகை, அதில் வரிசையாகக் கட்டிய பலூன்கள், மேசைமேல் இரண்டு பழைய காற்றுத் துப்பாக்கிகள், ஒரு குழல்விளக்கு. எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி நுழைந்த கதை அந்தக் கடையிலிருந்துதான் தொடங்குகிறது.

நாங்கள் என்பது, திண்டிவனத்தில் குடியிருக்கும் கணவனும் மனைவியும். எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். நிரந்தரப் பணியன்று, தொகுப்பூதியம். கோடை விடுமுறையில் அதுவும் இல்லை. மற்றவர் வீட்டிலிருந்தபடியே துணி தைப்பவர். பௌர்ணமிதோறும் திருவக்கரையிலிருக்கும் அம்மாவைப் பார்க்கச் செல்வது வழக்கம். அவ்வாறு சென்ற ஓர் இரவில், பதினொரு வயதுடைய எங்கள் மகள் அந்தக் கடையில் பத்துக் குண்டுகளுக்குக் காசு கொடுத்தாள்.

முதல் மூன்றும் வீண். மூன்றும் பலூனுக்கு வலப்புறத்துப் பலகையிலேயே பட்டன. கடைக்காரர் சிரித்துக்கொண்டு, "பாப்பா, அது கொஞ்சம் கோணலு. எடது பக்கமா பாத்து அடி" என்றார். அவள் ஒன்றும் பேசாமல் பலூனுக்கு இடப்புறம் நான்கு விரற்கடை தள்ளிக் குறிபார்த்தாள். மீதமிருந்த ஏழு குண்டுகளில் ஆறு பலூன்கள் வெடித்தன. கடைக்காரர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, அடுத்த முறை வேறு துப்பாக்கியைத்தான் கொடுப்பேன் என்றார். நாங்கள் சிரித்தோம். அந்த இரவில் நிகழ்ந்தது என்னவென்று எங்களுக்குப் புரிய மூன்றாண்டுகள் ஆயின.

ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். வராகநதி என்றும் வழங்கும் சங்கராபரணி ஆற்றங்கரை ஊர் இது. சம்பந்தர் பாடிய தலம். செம்பியன் மாதேவியார் கற்றளியாக எடுப்பித்த கோயில். இக்கோயிலில் கோபுரமும் கொடிமரமும் நந்தியும் மூலவருக்கு நேர்க்கோட்டில் இல்லாமல் சற்றே விலகி நிற்கும். வக்கிரம் என்றால் கோணல். ஆகவே எல்லாம் கோணலாக அமைந்த தலம் என்று ஊரார் பெருமையாகவே சொல்வார்கள். ஊருக்கு வெளியே கல்மரப் பூங்கா. சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்து கல்லாகிப்போன மரங்கள் அங்கே கிடக்கின்றன. 1781இல் சொன்னெரா என்னும் பிரெஞ்சு இயற்கையறிஞர் அவற்றைப் பதிவு செய்தார். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அவ்விடத்தைத் தேசியப் பூங்காவாக்கிக் காத்து வருகிறது. அதைத் தாண்டினால் கல்குவாரிகள். வெடிச்சத்தம் இவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் புதிதன்று.

மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் நான்கு மாணவியரைச் சுடுதல் பயிற்சிக் கழகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோவில் நடந்த உலகக் கோப்பையில் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் தங்கம் வென்ற செய்தியை அவர் நாளிதழிலிருந்து கத்தரித்து வைத்திருந்தார். நம் பக்கத்துப் பெயர், நம் பக்கத்து ஊர் என்று அவர் சொன்னதில் மகள் விழுந்துவிட்டாள். கழகத்தில் இருந்தவை இரண்டே துப்பாக்கிகள். வரிசையில் நிற்பவர் பதினைந்து பேர். ஞாயிறு முழுதும் காத்திருந்தால் இருபது முறை சுடலாம். ஆறு மாதம் பொறுத்தவள், ஒரு நாள் கேட்டே விட்டாள்: "எனக்குன்னு ஒரு ரைஃபிள் வாங்கித் தருவீங்களா?"

முதல் தடை அம்மாவிடமிருந்து வந்தது. பெண்பிள்ளைக்கு எதற்குத் துப்பாக்கி என்று கேட்பாளென எதிர்பார்த்திருந்தோம். அம்மா அதைக் கேட்கவில்லை. "நீ பன்னெண்டு வயசுல பக்கத்து வூட்டுத் துப்பாக்கிய வாங்கினு போயி ஒரு மைனாவ அடிச்சு எடுத்தாந்து எங்காலாண்ட போட்டியே, ஞாபகம் கீதாடா?" என்றாள். எங்களில் தமிழ் கற்பிப்பவருக்கு அது மறக்கவில்லை. வெதுவெதுப்பாக இருந்த அந்தப் பறவையின் கழுத்து தொங்கியதும், அன்றிரவு அம்மா சோறு போடாமல் முற்றத்தில் உட்கார்ந்திருந்ததும் முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கூடவே வருகின்றன. காற்றுத் துப்பாக்கி விளையாட்டுப் பொருளன்று. கண்ணையும் உயிரையும் எடுக்க வல்லது. பறவையைச் சுடுவது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும். இதையெல்லாம் சொல்லி, தாளில் அச்சிட்ட வட்டத்தை மட்டுமே சுடுவாள் என்று நாங்கள் வாக்குக் கொடுத்தோம். அம்மா நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை.

இரண்டாவது தடை பணம். அந்தத் தடையை நாங்கள் தாண்டிய விதம்தான் தவறாகிப் போனது.

வகுப்பில் வல்வில் ஓரியைக் கற்பிக்கும்போது மாணவர் கண்கள் விரிவதைப் பார்த்திருக்கிறோம். ஒரே அம்பு யானையை வீழ்த்திப் புலி, மான், பன்றி எல்லாவற்றையும் ஊடுருவிக் கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாக வன்பரணர் பாடுகிறார். வில்லாண்மை என்றாலே வேகம், ஊடுருவல் என்ற எண்ணம் எங்களுக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். சென்னைக்குப் போய்க் கடைக்காரரிடம் விசாரித்தபோது அவரும் வேகத்தைத்தான் பேசினார். வினாடிக்கு எண்ணூறு அடிக்கு மேல் பாயும் என்றார். குழலை நடுவில் மடக்கிச் சுருள்வில்லை இறுக்கும் வகை. பத்தாயிரத்திற்குச் சற்று மேல் விலை. உரிமம் வேண்டியதில்லை, 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் துளையும் 20 ஜூலும் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்றின் நகலைக் கொடுத்துப் பெரியவர் பெயரில் வாங்கி வந்தோம். கழகத்தில் யாரையும் கேட்கவில்லை. மலிவாக முடித்துவிட்டோம் என்ற மிதப்பு.

அடுத்த ஏழு மாதங்களை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

பத்து மீட்டர் போட்டியின் இலக்கை நீங்கள் பார்த்திருந்தால் இந்தக் கூச்சம் விளங்கும். முழு இலக்கின் விட்டமே 45.5 மில்லிமீட்டர். நடுவில் பத்து மதிப்பெண் தருவது வட்டமென்றே சொல்ல முடியாத அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. அதிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் வெளியே போகப்போக ஒவ்வொரு மதிப்பெண்ணாகக் குறையும். இரண்டரை மில்லிமீட்டர் என்பது ஓர் அரிசியின் தடிமனைவிடச் சற்றே அதிகம். நின்றபடி, தாங்கலின்றி, அறுபது முறை சுட வேண்டும்.

மகள் ஒரு குறிப்பேடு வைத்திருந்தாள். கழகத்துத் துப்பாக்கியில் நாற்பது முறை சுட்டு முந்நூற்றுப் பத்தை எட்டியவள், சொந்தத் துப்பாக்கியில் இருநூற்று எழுபதுக்கு இறங்கினாள். பிறகு இருநூற்று அறுபது. ஒரு நாள் இருநூற்று தொண்ணூறு வந்தது. மறுநாள் இருநூற்று ஐம்பது. பேச்சு குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வயிற்றுவலி என்றாள். ஒருநாள் தைக்கும் மேசையில் அவள் விட்டுச்சென்ற குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், எண்களுக்குக் கீழே, ஒரே வரி: 'என் தப்பு.' நாற்பது, ஐம்பது பக்கங்கள். கடைசிப் பக்கங்களில் எண்களே இல்லை; அந்த வரி மட்டும் இருந்தது.

பிள்ளைக்குக் கொடுக்கும் கருவி பிழையானால், அந்தப் பிழையைப் பிள்ளை தன்மேல் எழுதிக்கொள்கிறது. இது துப்பாக்கிக்கு மட்டுமான செய்தியன்று என்பதை ஆசிரியத் தொழிலில் இருப்பவர் நன்கறிவர். ஆனால் அன்று எங்களுக்கு அது தோன்றவில்லை. பயிற்சி போதவில்லை என்று இன்னும் நாலு புத்திமதி சொல்லியிருந்தோம். அதுதான் கூச்சம்.

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கழகத்துக்குப் போனோம். அங்கே இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இலவசமாகக் கற்றுக்கொடுக்கிறார். அவர் ஏட்டைப் படித்துவிட்டு மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் துப்பாக்கியை வாங்கி மணல்மூட்டையின்மேல் கிடத்தி, தாமே பத்து முறை சுட்டார். பத்துத் துளைகளும் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை விரித்து வைத்தாற்போல் சிதறிக் கிடந்தன. பிறகு கழகத்துப் பழைய துப்பாக்கியில் பத்து. தாளில் ஒரே ஒரு பொத்தல், ஓரம் சற்றுக் கிழிந்து.

"சார், கோணல் இருக்கிறது தப்பே இல்ல. திருகைத் திருகினா சரியாயிடும். உங்க துப்பாக்கியில கோணல் ஒவ்வொரு தடவையும் மாறுது. அதை இந்தக் குழந்தை இல்ல, யார் வந்தாலும் திருத்த முடியாது" என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "இவ்வளவு நாளா இதை வச்சிக்கிட்டு இருநூத்தி எழுபது போட்டியாம்மா?" என்றார். அவள் முகம் கோணியது, அழுதாள். ஏழு மாதத்து அழுகை.

பௌர்ணமிக் கடையில் நிகழ்ந்தது என்னவென்று எங்களுக்குப் புரிந்தது அப்போதுதான். அந்தத் துப்பாக்கி கோணல். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே கோணல். அதனால்தான் பதினொரு வயதுச் சிறுமி மூன்றே குண்டில் அதைப் படித்துவிட்டாள்.

அன்று பெரியவர் விளக்கியவற்றையும் அதன்பின் நாங்களாகத் தேடித் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதி வைக்கிறோம். எங்களைப்போல் கையில் கொஞ்சப் பணமும் வீட்டில் ஒரு பிள்ளையும் உள்ளவர்களுக்கு உதவக்கூடும்.

முதலாவது, வேகம் இங்கே வேண்டாத பொருள். உலகப் போட்டிகளில் பயன்படும் துப்பாக்கியின் குண்டு வினாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில்தான் போகிறது; ஆற்றல் எட்டு ஜூலுக்குள். தாளில் துளையிட அதுவே மிகை. எங்கள் துப்பாக்கி அதைப்போல் இருமடங்கு ஆற்றலுடையது. அந்த மிகையெல்லாம் தோளிலும் குழலிலும் அதிர்வாகத் திரும்பியது. சுருள்வில் வகையில் விசையை இழுத்ததும் உள்ளிருக்கும் கனத்த உந்து தண்டு முன்னே பாய்ந்து மோதுகிறது. குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே துப்பாக்கி அசைந்துவிடுகிறது. பிடியில் மயிரிழை மாற்றமிருந்தாலும் குண்டு வேறிடத்தில் படும். அந்த அசைவை உள்ளுக்குள்ளேயே தணிக்கும் சுருள்வில் துப்பாக்கிகளை ஒரு காலத்தில் செருமானியர் செய்தனர். ஃபைன்வெர்க்பாவ் 300 எஸ் அவற்றுள் பெயர்பெற்றது. இப்போது அது தயாரிப்பில் இல்லை.

இரண்டாவது, வீட்டுப் பயிற்சி. இந்த விளையாட்டில் பாதிப் பயிற்சி குண்டே இல்லாமல் நடக்கிறது. சுவரில் ஒரு கரும்புள்ளி ஒட்டி, துப்பாக்கியை உயர்த்திக் குறிபார்த்து, விசையை அழுத்தி, மூச்சைக் கவனித்துக்கொண்டு நிற்க வேண்டும். இதற்குச் செலவில்லை. ஆனால் சுருள்வில் துப்பாக்கியைக் குண்டின்றி இயக்கக் கூடாது. தண்டு தடையின்றி மோதிச் சிதைந்துவிடும். ஏழைக்கு மிகவும் வேண்டிய இலவசப் பயிற்சியை மலிவுத் துப்பாக்கி மறுத்துவிடுகிறது.

மூன்றாவது, பழைய துப்பாக்கி. வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்சூட்ஸ் முதலிய ஐரோப்பியத் துப்பாக்கிகள் புதிதாக வாங்கினால் இரண்டு இலட்சம் ரூபாயைத் தாண்டும். எங்களுக்கு அது கனவு. விளையாட்டை விட்டவர் ஒருவர் தம்முடையதை விற்கிறார் என்று கேள்விப்பட்டு முன்பணம் கொடுக்கும் நிலைக்குப் போய்விட்டோம். பெரியவர்தான் காற்று உருளையில் பொறித்த தேதியைப் பார்க்கச் சொன்னார். 200 பார் அழுத்தத்தில் காற்றைத் தாங்கும் அந்த உருளைக்குத் தயாரிப்பாளர் குறித்த ஆயுள் உண்டு, பெரும்பாலும் பத்தாண்டு. காலம் கடந்த உருளையோடு பன்னாட்டு விதிப்படியான போட்டியில் நிற்க முடியாது. வீட்டில் வைத்திருப்பதும் ஆபத்து. அது காலாவதியாகியிருந்தது. புது உருளையின் விலையைக் கூட்டினால் கணக்குக் கட்டவில்லை.

நான்காவது, துப்பாக்கியே முதற்செலவாக இருக்க வேண்டியதில்லை. உடலைத் தாங்கும் தடித்த மேற்சட்டை, கையுறை, காலணி ஆகியவை பிள்ளையின் அளவுக்கு இருந்தால், கழகத்துத் துப்பாக்கியிலேயே மதிப்பெண் ஏறும். குண்டும் அப்படியே. தட்டைமுனைக் குண்டு தாளில் வட்டமாகத் துளையிடும். நல்ல தயாரிப்பில் ஐந்நூறு கொண்ட டப்பா ஒன்றை வாங்கி, எந்தக் குண்டு எந்தக் குழலுக்கு ஒத்துப்போகிறது என்று மணல்மூட்டையில் வைத்துச் சோதிக்க வேண்டும்.

ஆகவே நாங்கள் செய்தது இது. வாங்கிய துப்பாக்கியை விற்றோம். வேட்டைக்கென்று கேட்டவரிடம் மறுத்து, கோயில் திருவிழாக்களில் பலூன் கடை போடுகிறவருக்கு அரை விலைக்குக் கொடுத்தோம். ஓராண்டு முழுதும் மகள் கழகத்துத் துப்பாக்கியிலேயே பழகினாள். ஞாயிறு போதாதென்று சனிக்கிழமையும் காத்திருந்தாள். மேற்சட்டை மட்டும் வாங்கினோம். எங்களில் தைப்பவர் அதைப் பிரித்து அவள் உடம்புக்கேற்பத் திருத்தித் தைத்தார். அந்த ஓராண்டில் அவளுக்கு இந்த விருப்பம் நிலைக்குமா என்பதும் தெரிந்தது.

அதன்பிறகு, முன்கூட்டியே காற்றடைத்துக்கொள்ளும் வகையில் இந்தியத் தயாரிப்பு ஒன்றைத் தேர்ந்தோம். மகாராட்டிரத்தின் பிரிசிஹோல் முதலிய நம் நாட்டு நிறுவனங்கள் இப்போது இவ்வகையை உருவாக்குகின்றன. துளையுள்ள பின்குறிநோக்கியைத் தனியே வாங்கிப் பொருத்தியதும் சேர்ந்து நாற்பதாயிரத்தை ஒட்டி வந்தது. ஒலிம்பிக்குக்குப் போகும் துப்பாக்கியன்று இது. ஆனால் வாங்குமுன் பெரியவரை அழைத்துப் போனோம். அவர் வேகம் என்ன என்று கேட்கவே இல்லை. மணல்மூட்டையின்மேல் வைத்துப் பத்து முறை சுட்டார். ஒரே பொத்தல், இலக்குக்கு ஒரு விரல் மேலே, வலப்புறம். "கோணலாத்தான் இருக்கு, ஆனா அப்படியே இருக்கு. எடுத்துக்கலாம்" என்றார்.

பணம் வந்த வழியையும் சொல்லிவிட வேண்டும். திருவக்கரை வீட்டு ஓட்டை மாற்றுவதற்கென்று கட்டிவந்த சீட்டை எடுத்தோம். அது அம்மாவின் கூரை; அம்மாவிடம் கேட்காமல் எடுக்க முடியாது. மூன்று பௌர்ணமிகள் வாயைத் திறக்கவில்லை. நான்காவதில் மகளே கேட்டாள். அம்மா அவளைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய், வேலியில் உட்கார்ந்திருந்த மைனாக்களைக் காட்டி, "இதுங்க எதாவது ஒண்ணு கொறஞ்சாலும் எனக்குத் தெரியும்" என்றாளாம். பிறகு, "இன்னொரு மழைக்கு இந்த ஓடு தாங்கும்" என்றாளாம். அவ்வளவே பேச்சு. அந்த ஐப்பசியில் ஓடு தாங்கவில்லை. இரண்டு இடங்களில் ஒழுகியது. அம்மா பாத்திரம் வைத்துச் சமாளித்தாள். நாங்கள் இன்னும் அந்தக் கடனை அடைக்கவில்லை.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் இறுதிச் சுற்றுக்கு முன், தம் துப்பாக்கியின் குறிநோக்கி இடம் மாறியிருந்ததைச் சோதனைச் சுடுதலில் கண்டு திருத்திக்கொண்டதாக அபினவ் பிந்த்ரா பிற்பாடு சொன்னார். கடைசிக் குண்டில் 10.8 எடுத்துத் தங்கம் வென்றார் என்பதை உலகம் அறியும். மகளுக்கு அந்தக் கடைசிக் குண்டைவிட முன்னதுதான் பிடித்த கதை. பிழை துப்பாக்கியிலா தன்னிலா என்று அவருக்கு ஒரே குண்டில் எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். தன்னைப் பற்றி அத்தனை உறுதியாகத் தெரிந்திருந்தது போலும் என்றோம். சற்று நேரம் யோசித்துவிட்டுப் போனாள்.

இப்போது பதினொன்றாம் வகுப்பு. மாவட்ட அளவில் ஒருமுறை கலந்துகொண்டு பதக்கமின்றித் திரும்பினாள். நாற்பதுக்கு முந்நூற்று ஐம்பதைத் தாண்டியிருக்கிறாள். இந்தப் பிரிவில் அது சிறிய எண்தான். இளவேனிலின் இடத்துக்கும் அவளுக்கும் நடுவே எத்தனை தொலைவு என்பதை மற்றவரைவிட அவளே நன்கு அறிவாள்.

குறிப்பேடு மட்டும் தொடர்கிறது. சென்ற வாரம் அவளே எங்களிடம் நீட்டினாள். பக்கத்தின் அடியில் எழுதியிருந்தது: 'முப்பத்திரண்டாவது, எட்டு. இடது கீழே. விசையை அவசரமாக இழுத்தேன். என் தப்பு.'

படித்துவிட்டு மகிழ்ந்தோம். இம்முறை அது உண்மையிலேயே அவள் தப்புதான். ஆகவே அவளால் திருத்தக்கூடியது.